பாயிண்டை வைத்துக்கொள்வதா, தூக்குவதா? பழைய காடியின் டைமிங்குக்கு நான்கு வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் டட்சன் 120ஒய், டொயோட்டா கேஇ20, கேஇ30, மோரிஸ் மைனர், பீட்டல் எல்லாம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணே, பாயிண்டைத் தூக்கிட்டு எலக்ட்ரானிக் போட்டுடலாமா?” டிஸ்ட்ரிபியூட்டர் என்பது தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் பாகம்; பாயிண்ட் அதற்குள் திறந்து மூடிப் பொறியை விழவைக்கும் சுவிட்ச்; டைமிங் அந்தப் பொறி விழும் நேரம். இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு கதை இருக்கும். மேட்டில் இழுவை இல்லை, எண்ணெய் (பெட்ரோல்) அதிகம் குடிக்கிறது, சூட்டில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் எடுக்கச் சண்டித்தனம். போர்மேன் (மெக்கானிக்) காதால் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

முன்னால் இருப்பவை நான்கு வழிகள். பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரையே செம்மையாக்குவது. அதற்குள் எலக்ட்ரானிக் மாட்யூல் வைப்பது. அதே இன்ஜின் குடும்பத்தின் பிந்தைய மாடலிலிருந்து எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் போடுவது. முழுசாகப் புதிது வாங்குவது. எது உங்களுக்கு என்பதைக் காடியின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரின் தண்டு எவ்வளவு ஆடுகிறது, வேக்கம் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்) இழுக்கும் டப்பா உயிரோடு இருக்கிறதா, இந்த இரண்டும் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

## எதை வைத்து எடை போடுவது

தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதை மூன்று பேர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி நாம் வைக்கும் அடிப்படை டைமிங் ஒன்று. வேகம் ஏற ஏற விரியும் எடைக்கற்கள் இரண்டு. லேசாக மிதித்து ஓட்டும்போது, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பிளேட்டை இழுக்கும் வேக்கம் டப்பா மூன்று. லேசான மிதியில் சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அடர்த்தியும் குறைவு. அது மெதுவாக எரியும் என்பதால் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். அடிவரை மிதித்தால் வேக்கம் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும், டப்பா பிடியை விட்டுவிடும். பாயிண்ட் இந்த மூவரில் இல்லை. அது ஒரு சுவிட்ச்தான். மாட்யூல் மாற்றுவதும் அந்தச் சுவிட்சை மட்டும்தான்; மற்ற மூவரும் அப்படியே கிடப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது கேட்க வேண்டியவை இவை. உங்கள் காடியில் கண்டுபிடித்த கோளாறை அது தீர்க்கிறதா? எத்தனை ஆர்பிஎம்மில் எத்தனை டிகிரி என்ற கணக்கு உங்கள் இன்ஜினுக்குப் பொருந்துகிறதா? செம்பனைக் காட்டு மண்சாலையில் இரவு எட்டு மணிக்கு நின்றுபோனால் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்து வீடு வந்து சேரலாமா? காயில், ஒயர், லேத் கூலி என்று பின்னால் வரும் செலவு எவ்வளவு? ஐந்து வருடம் கழித்து அதே சாமான் கிடைக்குமா?

எண்ணெயையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். டட்சன் ஏ12, டொயோட்டா 3கே போன்ற இன்ஜின்களின் அழுத்த விகிதம் 9-க்கு 1 அளவுதான். டைமிங் சரியாக இருந்தால் ரோன்95 பெட்ரோல் தாராளமாகப் போதும். நாக்கிங்கை (கலவை தப்பாக வெடித்து எழும் தட்டுச் சத்தத்தை) அடக்க ரோன்97 அடிக்க வேண்டியிருந்தால், கோளாறுக்கு ஒவ்வொரு டாங்கிலும் வாடகை கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

## கடைக்குப் போகும் முன் அரை நாள் சோதனை

தேவைப்படுவது பொறி விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் லைட், டுவெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) காட்டும் மீட்டர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், அளவுமானியோடு கூடிய கை வேக்கம் பம்ப். பம்ப் இல்லாவிட்டால் ஒரு முழ ரப்பர் குழாயும் வாயும் போதும்.

பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. வரிசை மாறினால் எல்லாம் வீண். பாயிண்ட் இடைவெளி கூடினால் டைமிங் முன்னால் போகும், குறைந்தால் பின்னால் வரும். டுவெல் 1 டிகிரி மாறினால் கிராங்கில் (பிஸ்டன்கள் சுற்றும் முதன்மைத் தண்டில்) டைமிங்கும் சுமார் 1 டிகிரி மாறும். டட்சன் ஏ12-க்கு இடைவெளி 0.45 முதல் 0.55 மி.மீ., டுவெல் 49 முதல் 55 டிகிரி. மைனரில் இருக்கும் லூக்காஸ் 25டி4-க்கு 0.35 முதல் 0.40 மி.மீ., டுவெல் 60-ஐ ஒட்டி. பாயிண்டில் குழியும் மேடும் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும், மீட்டரை நம்புங்கள்.

டுவெலை ஐடிலில் ஒருமுறை, 2,500 ஆர்பிஎம்மில் ஒருமுறை பாருங்கள். வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வித்தியாசம் 3 டிகிரிக்கு மேல் போனால் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது பிளேட் ஆடுகிறது. மூடியைத் திறந்து தண்டின் தலையைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்கு ‘டக்’கென்று தட்டுப்பட்டால் சந்தேகமே வேண்டாம். இந்த ஒரு சோதனையின் முடிவுதான் பின்னால் எந்த வழி என்பதைப் பாதி தீர்மானிக்கும்.

அடிப்படை டைமிங். வேக்கம் குழாயைக் கழற்றி அடையுங்கள். ஐடிலைக் காடியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறக்குங்கள். ஐடில் 1,000-ஐத் தாண்டியிருந்தால் எடைக்கற்கள் விரியத் தொடங்கியிருக்கும். அப்போது பார்க்கும் எண் அடிப்படை டைமிங் அல்ல. கிராங்கின் முனையிலுள்ள புல்லியின் கோட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எழுத்துப் பிழை திருத்தும் வெள்ளை மையைத் தடவினால் வெயிலிலும் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் அதன் உடலைத் திருப்பினால் டைமிங் முன்னால் போகும்.

ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் கோடு ஒரே இடத்தில் நிற்காமல் கூத்தாடினால் இரண்டு காரணம் உண்டு: தேய்ந்த புஷ் அல்லது தளர்ந்த டைமிங் செயின். மூடியைத் திறந்து வைத்து, கிராங்கை ஸ்பேனரால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். கிராங் பல டிகிரி நகர்ந்த பிறகே ரோட்டர் நகரத் தொடங்குகிறது என்றால் செயினில்தான் தளர்வு. அதற்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டரும் மருந்தல்ல. புல்லியின் வெளிவளையம் ரப்பரில் ஒட்டிய வகையாக இருந்தால் அந்த வளையமே வழுக்கி, கோடு பொய்யாகியிருக்கலாம். முதல் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் போல்ட்டை மாட்டி, கையால் இரு திசையிலும் முட்டும்வரை கிராங்கைச் சுற்றி, முட்டிய இரண்டு இடங்களையும் குறியுங்கள். நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான மேல்மட்டம்.

எடைக்கற்கள். குழாய் அடைத்தபடியே இருக்கட்டும். 3,000-க்கு மேல் ஏற்றினால் கோடு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். இந்தக் கால இன்ஜின்களில் அடிப்படையும் கற்களும் சேர்ந்து பெரும்பாலும் 28 முதல் 34 டிகிரிக்குள் நிற்கும். மிதியை விட்டதும் கோடு பழைய இடத்துக்கு வரவில்லை என்றால் ஸ்பிரிங் நீண்டிருக்கிறது, அல்லது கற்களின் அச்சில் பழைய கிரீஸ் கெட்டியாகி ஒட்டியிருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, ரோட்டரை அது சுற்றும் திசையில் கையால் திருகி விடுங்கள். ஸ்பிரிங் வைத்த கதவு மாதிரி திரும்பி வர வேண்டும். ரோட்டருக்கு அடியில் இருக்கும் துணித்தக்கைக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்பதைப் பலர் மறந்தே போனார்கள்.

வேக்கம் டப்பா. பம்பை மாட்டி 15 அங்குலப் பாதரசம் வரை இழுங்கள். முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ஆனால் மூடிக்குள் பிளேட் நகரவில்லை என்றால் பிளேட் இறுகியிருக்கிறது. தோட்டத்துச் சிவப்பு மண் புழுதி எண்ணெயோடு கலந்து பிளேட்டின் அடியில் களிம்பாகப் பிடித்துக்கொள்வது இங்கே சகஜம். கழற்றிக் கழுவினாலே பாதிக் காடிகள் பிழைத்துக்கொள்ளும்.

பிளேட் நகரும்போது உள்ளே ஒரு மெல்லிய பின்னல் ஒயரைப் பாருங்கள். பிளேட்டையும் உடலையும் இணைக்கும் எர்த் ஒயர் அது. வருடக்கணக்கில் முன்னும் பின்னும் வளைந்து, வெளியுறை நன்றாகவே இருக்க உள்ளே இழை அறுந்திருக்கும். ஐடிலில் நன்றாக ஓடி, லேசாக மிதித்ததும் குலுங்கி, முழுதாக மிதித்தால் மறுபடி நன்றாக ஓடும் காடியில் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். இந்த ஒயருக்காகக் கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்தவர்கள் உண்டு.

குழாய் எங்கிருந்து வருகிறது? கழற்றிய குழாயில் அளவுமானியை மாட்டுங்கள். ஐடிலில் பூஜ்யம், லேசாக மிதித்ததும் ஏறுகிறது என்றால் அது கார்புரேட்டரில் திராட்டில் தட்டுக்கு மேலே உள்ள துளை. ஐடிலிலேயே 15, 18 காட்டினால் நேராக மெனிஃபோல்ட். இந்த ஜப்பானியக் காடிகளில் பெரும்பாலும் முதல் வகை. அந்தத் துளையில் ஐடிலிலேயே வேக்கம் தெரிந்தால் திராட்டில் திருகை யாரோ அளவுக்கு மேல் திறந்துவிட்டிருக்கிறார்கள். நகல் கார்புரேட்டர் மாற்றிய காடிகளில் துளை இடம் மாறியிருக்கும், சிலவற்றில் துளையே இருக்காது. குழாய் எங்கோ சும்மா மாட்டப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட காடிக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) டிஸ்ட்ரிபியூட்டர் போட்டாலும் வேக்கம் வேலை செய்யாது.

கடைசியாகச் சாலைச் சோதனை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் 59-ஆம் எண் சாலையில் அடிவரை மிதித்து ஏறும்போது கிணுகிணு என்று நாக்கிங் கேட்டால் வேக்கம் டப்பாவைக் குறை சொல்லாதீர்கள். அப்போது அது தூங்குகிறது. அடிப்படையோ கற்களோதான் மிஞ்சிப் போயிருக்கிறது. சமவெளியில் நெடுஞ்சாலையில் லேசாக மிதித்து ஓடும்போது கேட்டு, குழாயைக் கழற்றியதும் நின்றுபோனால்தான் டப்பா அளவுக்கு மேல் இழுக்கிறது. இன்னொன்று: ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 அங்குலம் வீதம் மெனிஃபோல்ட் வேக்கம் குறையும். மேலே ரிங்லெட்டில் வைத்து அளந்துவிட்டு டப்பா பலவீனம் என்று முடிவு கட்ட வேண்டாம்.

## வழி 1: பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரைச் செம்மையாக்குவது

செலவு ஆகக் குறைவு, கை வேலை ஆக அதிகம். பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், மூடி புதிது. கற்கள் கழுவி, ஸ்பிரிங் பார்த்து, பிளேட் துடைத்து, எர்த் ஒயர் மாற்றி முடித்தால் இன்ஜின் புதிதில் இருந்த கணக்கு அப்படியே திரும்பும். வேறு எந்த வழியிலும் இவ்வளவு உறுதியாக இதைச் சொல்ல முடியாது.

மறைந்திருக்கும் செலவு தரத்தில் இருக்கிறது. இப்போது வரும் மலிவுப் பாயிண்டுகளில் கேமைத் தொடும் குதி சீக்கிரம் தேய்கிறது. குதி தேய்ந்தால் இடைவெளி குறையும், டைமிங் பின்னால் இழுக்கும், காடி மந்தமாகும், சூடேறும். கேமில் அரிசி அளவு கிரீஸ் தடவாமல் போட்டால் நல்ல பாயிண்டும் இதே கதிதான். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். சோம்பல்படுபவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது. கண்டென்சர் இன்னும் மோசம். 0.2 முதல் 0.25 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டியது, புதுப் பெட்டியிலேயே செத்துக் கிடப்பது உண்டு. பாயிண்டுக்கு நடுவே பெரிதாக மஞ்சள் பொறி தெறித்தால் கண்டென்சரை மாற்றுங்கள். பழையது நன்றாக இருக்கும்போது புதிது வாங்கிவிட்டோமே என்பதற்காகக் கழற்ற வேண்டாம்.

புஷ் தேய்ந்திருந்தால் லேத் கடைக்குப் போக வேண்டும். வெண்கலப் புஷ் அடித்து ரீமர் போடத் தெரிந்த ஆள் ஈப்போவில் கிடைப்பார். எண்ணெய் உறிஞ்சும் வகைப் புஷ்ஷாக இருந்தால் முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போட வேண்டும்.

வேக்கம் டப்பாதான் பெரிய தலைவலி. வடிவம் ஒன்றாக இருப்பதைப் பார்த்து வேறு காடியின் டப்பாவை மாட்டிவிடுவார்கள். லூக்காஸ் டப்பாவில் மூன்று எண் குத்தியிருக்கும். 5-13-10 என்றால் 5 அங்குலத்தில் இழுக்கத் தொடங்கி, 13 அங்குலத்தில் முடித்து, டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி தரும்; டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அது கிராங்கில் 20 டிகிரி. ஜப்பானிய டப்பாக்களில் எண்ணைப் படிப்பதை விட, பம்ப் மாட்டி ஸ்ட்ரோப்பில் அளப்பதே நம்பகமானது.

ஆனால் நடுவழிக் கணக்கில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பாயிண்ட் சொல்லிக்கொண்டுதான் சாகும். திணறும், இருமும், நகத்தேய்ப்பானால் இரண்டு தேய்த்தால் வீடு வரை கொண்டுவந்து விடும்.

## வழி 2: உள்ளே எலக்ட்ரானிக் மாட்யூல்

பாயிண்ட், கண்டென்சர் இரண்டையும் எடுத்துவிட்டு சென்சரும், கேமில் காந்த வளையமும். வெளியிலிருந்து பார்த்தால் காடி பழையபடியே இருக்கும். குதி தேய்வு கிடையாது, 5,000 கிலோமீட்டர் கணக்கும் கிடையாது. புஷ் நன்றாக, டப்பா நன்றாக, கற்கள் நன்றாக இருக்கும் காடிக்கு இது அருமையான வழி. புஷ் தேய்ந்த காடிக்கு அரை மருந்து: டுவெல் ஆட்டம் போகும், பொறி முன்பின்னாக விழுவது முழுதாகப் போகாது.

மாட்டும்போது கெடுத்துக்கொள்ளும் இடங்கள் நான்கு. சிவப்பு, கறுப்பு ஒயர் மாறினால் அந்த நொடியே போச்சு. இரண்டாவது பேலஸ்ட் ரெசிஸ்டர். காயில் 1.5 ஓம் அளவில் இருந்து, சுமார் 1.5 ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் வரும் காடிகளில், மாட்யூலின் சிவப்பு ஒயரை ரெசிஸ்டருக்கு முன்னால் முழு 12 வோல்ட் இருக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். காயிலுக்குப் போகும் மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகவே இருக்கட்டும். காயில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பதை மாட்யூலோடு வரும் தாளில் பார்த்து, மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். ‘சூப்பர் காயில்’ என்று ஓம் குறைந்ததை மாட்டினால் மாட்யூல் வெந்துவிடும். மூன்றாவது, இன்ஜின் ஓடாமல் சாவியை ஆன் செய்து வைத்துப் பாட்டுக் கேட்பது. நான்காவது பிளக் ஒயர்: வெறும் செப்புக் கம்பி ஒயரின் இரைச்சல் சில மாட்யூல்களைக் குழப்பும், கார்பன் வகை போட வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. மாட்யூலிலிருந்து வரும் இரண்டு ஒயரும் பழைய ஒற்றை ஒயரை விடத் தடிமன். தளர்ச்சி விடாமல் இறுக்கி வெளியே இழுத்துவிட்டால் வேக்கம் டப்பா பிளேட்டை நகர்த்த முடியாது. மூடியைப் போடும் முன் வாயால் குழாயை உறிஞ்சிப் பாருங்கள். பிளேட் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடையில்லாமல் போய்வர வேண்டும். “எலக்ட்ரானிக் போட்ட பிறகு எண்ணெய் அதிகம் குடிக்குது” என்ற புகாரில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன. டைமிங்கையும் புதிதாக வைக்க வேண்டும். பாயிண்டுக்கு வைத்தது இதற்குப் பொருந்தாது.

மாட்யூல் சாகும்போது சொல்லாமல் சாகும். இடைவெளி வைத்த பழைய பாயிண்ட், கண்டென்சர், ஒரு சின்ன ஸ்குரூடிரைவர் மூன்றையும் ஒரு மைலோ டின்னில் போட்டுக் காடியிலேயே வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை. கால் மணி நேர வேலை.

## வழி 3: பிந்தைய மாடலின் எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர்

பழைய காடிகளை அறுத்துச் சாமான் விற்கும் போத்தோங் கடைகளில் தேடிப் பிடிப்பது. 3கே காடிக்கு 4கே, 5கே இன்ஜின்களிலிருந்து எடுப்பார்கள். டட்சன் ஏ இன்ஜினுக்கு அதே குடும்பத்தின் பிந்தைய வகை. கம்பெனி செய்த சாமான் என்பதால் உழைப்பு கெட்டி. மழையிலும் சூட்டிலும் மாட்யூலை விட நிம்மதி.

ஆனால் இங்கேதான் கணக்கு உதைக்கும். பிந்தைய இன்ஜின்கள் புகைக் கட்டுப்பாட்டுக்காக அடிப்படை டைமிங்கைக் குறைத்து, கற்களில் அதிகம் ஏறும்படி செய்யப்பட்டவையாக இருக்கலாம். உங்கள் பழைய கற்கள் டிஸ்ட்ரிபியூட்டரில் 12 டிகிரி என்று வையுங்கள். கிராங்கில் 24, அடிப்படை 8, மொத்தம் 32. கிடைத்ததில் 15 டிகிரி என்றால் கிராங்கில் 30, அதே 8 சேர்ந்தால் 38. தாப்பா மேட்டில் கிணுகிணுதான். அடிப்படையை 2-க்கு இறக்கினால் மொத்தம் சரியாகும், ஆனால் ஐடில் மந்தம், புறப்படும்போது திணறல். கற்கள் விரியும் தடுப்பில் பித்தளை பற்றவைத்துச் சுருக்கலாம். நிதானமான கை வேண்டும்.

வாங்கும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். தண்டின் நீளம், கியர் பற்கள் அல்லது நாக்கின் இடம், உட்காரும் கழுத்தின் தடிமன். மறக்காமல் தண்டை அசைத்துப் பாருங்கள். அதுவும் 30 வருடம் ஓடியதுதான், தேய்ந்ததைக் கொடுத்துத் தேய்ந்ததை வாங்கக் கூடாது. பாயிண்டுக்குப் பதிலாக இருக்கும் காந்தப் பிக்கப்பின் இடைவெளியைப் பித்தளை ஃபீலரால் வைக்க வேண்டும், இரும்பு கேஜைக் காந்தம் இழுத்துத் தப்பு காட்டும். டொயோட்டாவில் 0.2 முதல் 0.4 மி.மீ., டட்சன்-நிசானில் 0.3 முதல் 0.5 மி.மீ. கூடவே அதற்குரிய காயில், இக்னைட்டர் (பிக்கப் சொல்லும்போது காயிலை இயக்கும் மின்னணுப் பெட்டி), ஒயர் பிளக் எல்லாவற்றையும் அறுக்காமல் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் பிறகு தனித்தனியாகத் தேடினால் டிஸ்ட்ரிபியூட்டர் விலையைத் தாண்டிவிடும். இக்னைட்டர் போனால் ஜிஎம் நாலு பின் மாட்யூலை அலுமினியத் தகட்டில் வெப்பக் களிம்பு தடவி மாட்டி ஓட்டுபவர்கள் உண்டு. தகடு இல்லாமல் மாட்டினால் சீக்கிரமே வெந்துபோகும்.

## வழி 4: முழுசாகப் புதிது

இதில் இரண்டு சாதி. ஆன்லைனில் வரும் மலிவு நகல் ஒன்று. புஷ் இறுக்கமாக, மூடி பளபளப்பாக இருக்கும். உள்ளே கற்கள் எந்த இன்ஜினின் கணக்கு என்று பெட்டியில் எழுதியிருக்காது. வாங்கியவர் 1,000-லிருந்து 3,500 வரை ஒவ்வொரு 500 ஆர்பிஎம்முக்கும் ஸ்ட்ரோப்பில் பார்த்துத் தாளில் எழுதி, பழையதன் கணக்கோடு ஒப்பிட வேண்டும். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர் இதைத் தொட வேண்டாம்.

இன்னொன்று 123இக்னிஷன் போன்ற நெதர்லாந்துத் தயாரிப்பு. உள்ளே கல்லும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. 16 கணக்குகளில் ஒன்றைச் சுவிட்சில் தேர்ந்தெடுக்கும் வகையும் உண்டு, கைப்பேசியில் நாமே கணக்கு எழுதும் வகையும் உண்டு. மினி, மைனர், பீட்டல், பழைய மெர்சிடீஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும். எல்லா ஜப்பானிய இன்ஜினுக்கும் கிடைக்காது. விலை ஆக அதிகம், போனால் ஊரில் ரிப்பேர் இல்லை. கேம்ஷாஃப்ட் மாற்றி, ஹெட் சீவி, இரட்டைக் கார்புரேட்டர் போட்ட இன்ஜினுக்கு மட்டும் அந்தக் காசு நியாயம். அங்கே கம்பெனிக் கணக்கே செல்லாது.

பீட்டல்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். வேக்கம் இல்லாத போஷ் 009 வகையை “சிம்பிள், தொல்லை இல்லை” என்று மாட்டிவிடுவார்கள். வேக்கத்தை நம்பிச் செய்த ஒற்றைக் கார்புரேட்டரோடு சேர்ந்தால், புறப்பட மிதித்ததும் ஒரு கணம் வெறுமையாக விழும். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் அது முழுதாகப் போகாது.

## ஒரே பார்வையில்

| | பாயிண்ட் செம்மை | உள்ளே மாட்யூல் | பிந்தைய மாடல் | புதிது |
|---|---|---|---|---|
| தேய்ந்த புஷ் | லேத் வேலை வேண்டும் | பாதிதான் மறையும் | வாங்கும்போதே பார்க்க வேண்டும் | தீரும் |
| கிழிந்த வேக்கம் டப்பா | வேறு தேட வேண்டும் | தீராது | அதன் டப்பா நல்லதானால் தீரும் | தீரும் |
| கணக்குப் பொருத்தம் | அசல் | அசல் | அளந்து பார்க்க வேண்டும் | நகலில் சந்தேகம், 123-இல் நம் கையில் |
| நடுவழி ரிப்பேர் | சுலபம் | பழைய பாயிண்ட் கையிலிருந்தால் | கடினம் | இல்லை |
| பின்னால் வரும் செலவு | அடிக்கடி பார்க்கும் நேரம் | காயில், பிளக் ஒயர் | காயில், இக்னைட்டர், கற்கள் வேலை | தபால், வரி |

ஐந்தாவதாக ஒரு வழியும் நடைமுறையில் இருக்கிறது. வேக்கம் குழாயை அடைத்துவிட்டு, அடிப்படையை நாலைந்து டிகிரி முன்னால் தள்ளுவது. சமவெளியில் சுறுசுறுப்பாகத் தெரியும். மேட்டில் நாக்கிங், சூட்டில் ஸ்டார்ட் எடுக்கும்போது எதிர் உதை, நெடுஞ்சாலையில் எண்ணெய் வீண். இதை வழி என்று எண்ணுவதற்கில்லை.

## யாருக்கு எது

புஷ் நல்லது, டப்பா நல்லது, காடி வாரம் ஒருமுறை கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வருகிறது என்றால் வழி 1. ஸ்குரூடிரைவர் பிடிக்க விருப்பமில்லாதவர், அதே காடியைத் தினமும் வேலைக்கு எடுப்பவர் என்றால் வழி 2, மைலோ டின்னோடு. புஷ்ஷும் போய் டப்பாவும் போய்விட்டால் மாட்யூலில் காசைப் போடாதீர்கள். டட்சன், டொயோட்டாவுக்கு வழி 3-ஐத் தேடுங்கள். மைனர், மினிக்கு லேத் கூலியையும் புது டப்பாவையும் கூட்டிப் பார்த்து, வழி 4-இன் விலையோடு ஒப்பிடுங்கள். சோதனையில் செயின் தளர்வோ கார்புரேட்டர் துளையோ அகப்பட்டிருந்தால் நான்கையும் ஒத்திப்போட்டு அதை முதலில் பாருங்கள்.

எதை வாங்கினாலும், “பழசைக் கொடுத்துட்டுப் போங்க, விலையில் குறைச்சுக்கறேன்” என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். டப்பாவிலும் கற்களிலும் உடலிலும் குத்தியிருக்கும் எண்களை வெளிச்சத்தில் படம் எடுத்து, தண்டுக்கு எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண் மேல் போடுங்கள். புதியது எந்த நாள் தகராறு செய்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் இன்ஜினின் கணக்கு அதில்தான் இருக்கிறது.